மலைநாட்டு அங்காடியில் ஒரு பகல்

திருநாவலூர் என் ஊர். உளுந்தூர்பேட்டைக்கும் பண்ணுருட்டிக்கும் இடையே உள்ள சிற்றூர் அது. சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர் என்பதனால் தமிழ் கற்றார் யாவரும் அதன் பெயரை அறிவர். கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த யான் அவ்வூர்க் கோயிலின் மதிலோரமாகவே நாடோறும் பள்ளிக்குச் சென்று வந்தேன். ஆயினும், ஆனர்ஸ் வகுப்பில் பெரியபுராணம் பாடமாக வந்த பின்னரே, எம்மூரார் ஒருவர் மலைநாட்டு நகரொன்றில் நண்பரது விருந்தினராய்த் தங்கியிருந்த வரலாறு எனக்குத் தெரியவந்தது. அந்நகரைச் சேக்கிழார் கொடுங்கோளூர் என்பர். இக்காலத்தார் கொடுங்கல்லூர் என வழங்குகின்றனர். சென்ற விடுமுறையில் அந்நகரிற் கழிந்த ஒரு பகலைப் பற்றியும், ஆங்கு யாம் வாங்கியவை, உண்டவை பற்றியும், அவற்றின் பெயர்களிலே பொதிந்து கிடக்கும் பழஞ்செய்திகளைப் பற்றியும் ஈண்டு எழுதத் துணிந்தேன்.

என்னுடன் வந்தோர் இருவர். ஒருவர் பொருளியல் மாணவர். மற்றவர் தாவரவியல் மாணவர். இரயில்வண்டி வாளையாற்றை நெருங்குகையில் பொருளியல் நண்பர் என்னை நோக்கி, “வழி காட்டவும் மொழி பெயர்க்கவும் கைப்பேசி இருக்கிறது. இவ்வெல்லையைத் தாண்டினால் உன் தமிழ் ஆனர்ஸ் எதற்கப்பா உதவும்?” என்று வினவினார். வேடிக்கையாகக் கேட்ட கேள்விதான். ஆனால் அதே கேள்வியை, யான் இவ்வகுப்பிற் சேர்ந்த அன்று, என் தந்தையாரும் வேறு சொற்களாற் கேட்டிருந்தனர். அன்றும் யான் விடை கூறவில்லை, இன்றும் கூறவில்லை. கூறுதற்கு விடை இல்லாமையே காரணம்.

திருச்சூரில் இறங்கிப் பேருந்தேறிக் கொடுங்கல்லூரை அடைந்தோம். பெரியாறு கடலொடு கலக்கும் கழிமுகத்தை அடுத்த ஊர் இது. சங்க இலக்கியம் முசிறி என்றும், யவனர் முசிரிஸ் என்றும் போற்றிய துறைமுகம் இவ்வூர்ப் பகுதியிலேயே இருந்ததென்பர். யவனர் மரக்கலங்கள் பொன்னைக் கொணர்ந்து இறக்கி, அதற்கு ஈடாக மிளகை ஏற்றிச் சென்ற செய்தி அகநானூற்றிற் காணப்படுகிறது. ஊருக்குத் தெற்கே, பறவூருக்கு அருகிலுள்ள பட்டணம் என்னும் சிற்றூரில் 2007 முதல் நிகழ்ந்த அகழாய்வுகளில், உரோமநாட்டு மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகளும், மணிகளும், பழந்தோணி ஒன்றும் வெளிப்பட்டன. உரோமப் பேராசிரியர் பிளினி, இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் சென்று விடுகின்றதே என்று முதல் நூற்றாண்டிலேயே வருந்தி எழுதினார். இதனை யான் சொன்னபோது பொருளியல் நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்படியானால் அக்காலத்து வாணிப மிகுதி நம் பக்கம்” என்றார். அன்று காலையில் என் படிப்புக்குக் கிடைத்த முதல் மதிப்பு அதுவே.

கடைத்தெருவிலே பெயர்ப்பலகைகள் பல மலையாள எழுத்தில் இருந்தன. மலையாள எழுத்து கிரந்த எழுத்தினின்று கிளைத்தது. கல்வெட்டுப் பாடத்திற்காகக் கிரந்தம் சிறிது பயின்றிருந்தமையின், எழுத்துக் கூட்டிப் படிக்க முயன்றேன். ஒரு முதியவரிடம் வழி கேட்க, அவர் கடையைப் ‘பீடிக’ என்றும், கடைத்தெருவை ‘அங்ஙாடி’ என்றும் கூறினார். பூம்புகாரின் வாணிக வீதியைப் பீடிகைத் தெரு எனச் சிலப்பதிகாரம் குறிக்கின்றது. மதுரையின் பகற்கடைகளையும் இரவுக்கடைகளையும் நாளங்காடி, அல்லங்காடி என மதுரைக்காஞ்சி பிரித்துரைக்கின்றது. நம் ஊரிலே ஒருவர் ‘அங்காடிக்குப் போகிறேன்’ என்றால், மேடைப்பேச்சுப் பேசுகிறார் என்று நகைப்போம். ஆங்கோ, பல்லிழந்த முதியவர் ஒருவர் அச்சொல்லை வெற்றிலையோடு மென்று துப்புகிறார்! நம் நாவிற் புத்தகச் சொல்லாய் நின்றது அவர் நாவில் அன்றாட வழக்காய் இருக்கிறது.

இதனால் எனக்குச் செருக்கு மிகுந்தது. அது நெடுநேரம் நிலைக்கவில்லை. என் அன்னையார் மலைநாட்டு மிளகு வாங்கி வரும்படி சொல்லியிருந்தனர். ஒரு பலசரக்குக் கடையின் முன் நின்று, சங்கச் சொல்லையே வழங்குவோம் எனக் கருதி, “கறி வேண்டும்” என்றேன். சங்க நூல்களிற் கறி என்பது மிளகு. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கறியோ? அது அவிடெ கிட்டும், மோனே” என்று எதிரேயிருந்த சோற்றுக்கடையைக் காட்டினார். மலையாளத்திற் கறி என்பது சோற்றோடு பிசைந்துண்ணும் குழம்பு முதலியவற்றின் பெயர். நண்பர் இருவரும் நகைத்தனர்.

பின் தாவரவியல் நண்பர் முன்வந்து, “மிளகு” என்று தெளிவாகக் கூறினார். கடைக்காரர் முகம் மலர்ந்து, “முளகோ!” என்று சிவந்த மிளகாய் வற்றலை ஒரு பிடி அள்ளி நீட்டினார். இப்போது யானும் நகைத்தேன். கருநிறத்தையும் உருண்டை வடிவையும் கையாற் காட்டிய பின்னரே, எமக்கு வேண்டியது ‘குருமுளகு’ என்பது அவருக்கு விளங்கிற்று.

இக்குழப்பத்திற்குக் காரணம் ஐந்து நூற்றாண்டுக்கு முற்பட்டதென்பதை நண்பர் விளக்கினார். மிளகாய்ச் செடி இந்நாட்டிற்கு உரியதன்று, அமெரிக்க நிலத்தது. 1492-இல் கொலம்பசு அந்நிலத்தை அடைந்தபின் அது ஐரோப்பியர் கைப்பட்டது. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்ததன் பின்னர், போர்த்துகீசியர் வழியாக இக்கரையில் இறங்கிற்று. காரம் தருவதற்கு அதுகாறும் மிளகையே அறிந்திருந்த நம் முன்னோர், புதிதாய் வந்த காய்க்கு மிளகின் பெயரையே வைத்து மிளகாய் என்றனர். மலையாளத்தாரோ ஒரு படி மேற்சென்று, ‘முளகு’ என்னும் பெயரையே வந்தவனுக்குக் கொடுத்துவிட்டனர். வீட்டுக்குரியவனான மிளகு, விதை என்று பொருள்படும் ‘குரு’ என்னும் அடையைச் சேர்த்துக்கொண்டு குருமுளகு ஆயிற்று. விருந்தினனுக்குத் தன் பெயரையே ஈந்த இம்மிளகைப் போலக் கொடையாளி ஒருவனை எந்தப் புலவரும் பாடியதாக எனக்குத் தெரியவில்லை.

நண்பகல் ஆயிற்று. கடைக்காரர் காட்டிய சோற்றுக்கடையையே நாடினோம். வாயிலிற் பலகை ஒன்று. எழுத்துக் கூட்டினேன்: ஊண். அதற்கப்பால் ‘தயார்’. உண்ணப்படுவது ஊண். உணவைக் குறிக்கும் இச்சொல்லைச் சங்க நூல்களிலன்றி வேறிடத்து யான் கண்டதில்லை. மதுரைக்காஞ்சி, மதுரையில் விற்கப்பட்ட பலாச்சுளையையும் மாங்கனியையும் ஊன்சோற்றையும் பாராட்டுகின்றது. அதனைப் படிக்கையில் அச்சொற்களின் பொருளை மனப்பாடம் செய்தேனேயன்றி, எனக்குப் பசிக்கவில்லை. இப்பலகையைக் கண்டபோதுதான் ஒரு பழந்தமிழ்ச் சொல்லைப் படித்து என் நாவில் நீர் ஊறிற்று.

வாழையிலையிற் சிவந்த குத்தரிசிச் சோறும், குடம்புளி இட்ட மீன்கறியும், தோரனும், பப்படமும், மோரும் வந்தன. பரிமாறியவர் குனிந்து, “வெள்ளம் வேணோ?” என்றார். பொருளியல் நண்பர் திகைத்துக் கையிலிருந்த கவளத்தை இலையில் வைத்தார். வந்தது பெருவெள்ளமன்று, பதிமுக மரத்தின் சிராயிட்டுக் காய்ச்சிய, இளஞ்சிவப்பான வெந்நீர். நமக்கு ஆறு கரைபுரண்டால் வெள்ளம். அவர்கட்குக் குவளையில் இருப்பதும் வெள்ளம்.

இந்நகரைப் பொறுத்தமட்டில் நம் பொருளும் பொருந்தாமற் போகவில்லை. 1341-இல் பெரியாற்றிற் பெருவெள்ளம் ஏற்பட்டு, இத்துறைமுகத்தின் முகத்துவாரம் மண்ணால் தூர்ந்ததென்றும், தெற்கே கொச்சியின் வாயில் அகன்றதென்றும் வரலாற்றாசிரியர் கூறுகின்றனர். யவனர் பொன் இறங்கிய துறையின் பெருமை அவ்வெள்ளத்தோடு கொச்சிக்குப் போயிற்று. 2018 ஆகஸ்டு மாதத்திலும் இப்பகுதி பெரியாற்று வெள்ளத்திற் பெரிதும் துன்புற்றது. பரிமாறியவர் தம் மார்பளவிற் கையை வைத்துக் காட்டி, அன்று நீர் நின்ற உயரத்தை எமக்கு உணர்த்தினார். அதன்பின் அச்சொல்லைக் குறித்து யாம் நகைக்கவில்லை.

உண்டு முடித்துத் திருவஞ்சைக்களக் கோயிலின் பக்கமாக நடந்தோம். தேவாரப் பாடல் பெற்ற தலங்களுள் மலைநாட்டுத் தலம் இஃதொன்றே. பாடியவர் எம்மூர்ச் சுந்தரர். அவருக்கும் சேரமான் பெருமாளுக்கும் இருந்த நட்பைச் சேக்கிழார் விரித்துரைக்கின்றார். சேரர் முதலில் திருவாரூருக்கு வந்து சுந்தரர் இல்லத்தில் அமுது செய்தார். பின்னர்ச் சுந்தரரைத் தம் நகருக்கு அழைத்து வந்து, யானைமீது ஏற்றி, விருந்தளித்து நெடுநாள் உடனிருத்தினார். ஒருவர் முடிமன்னர், மற்றவர் பொருளின்றிப் பலகால் இறைவனிடமே பொன் வேண்டிப் பாடியவர். ஆயினும் முதல்விருந்து உண்டவர் மன்னரே. பொருளிலாதான் இலையில் மன்னன் உண்டு தொடங்கிய நட்பாதலின், அதில் ஏற்றத்தாழ்வுக்கு இடமில்லை எனத் தோன்றிற்று. எம் மூவருள்ளும் அன்று உணவுக்குப் பணம் கொடுத்தவர், காலையில் என்னை எள்ளிய பொருளியல் நண்பரே என்பதையும் ஈண்டுச் சொல்லிவிடுகிறேன்.

மாலையில் அன்னையாருக்கு ஒரு கைத்தறிக் கசவுச் சேலையும், எங்கட்கு நேந்திரங்காய் வறுவலும் வாங்கினோம். விலை பேசும் பொறுப்பை நண்பர்கள் என்னிடமே விட்டனர். யான் இலக்கணத்தை மறந்து, கடைக்காரர் வாயைப் பார்த்து, அவர் சொன்னவாறே சொன்னேன். வேலை எளிதாக முடிந்தது.

திரும்புகையில் வண்டி திருப்பூரைக் கடந்தது. அதன் அருகே உள்ளது திருமுருகன்பூண்டி. சேரமான் அளித்த பொன்னையும் மணியையும் ஆடையையும் ஆட்கள் சுமந்துவர, சுந்தரர் ஊர் திரும்பியபோது, அவ்விடத்தே வேடர் வடிவில் வந்தோர் அனைத்தையும் பறித்தனர் என்றும், அவர் பதிகம் பாடிய பின்னரே பொருள் மீண்டதென்றும் புராணம் கூறும். இதைக் கேட்டதும் பொருளியல் நண்பர் வறுவற் பொதியை மேற்பலகையினின்று எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். “உனக்குப் பதிகம் பாடத் தெரியுமா?” என்றார். தெரியாதென்றேன். “அப்படியானால் தின்றுவிடுவதே பாதுகாப்பு” என்றார். ஈரோடு வருமுன் பொதி ஒழிந்தது.

ஊரை அடைந்த பின், முன் எப்போதும் செய்யாத ஒன்றைச் செய்தேன். திருநாவலூர்க் கல்வெட்டுகளைப் பற்றி நூலகத்தில் தேடிப் படித்தேன். முதற் பராந்தக சோழனின் மகனான இராசாதித்தன், 949-இல் தக்கோலப் போரில் மடிந்தவன், எம்மூர்ப் பகுதியிற் படையோடு தங்கியிருந்தான். அவன் படையில் மலைநாட்டு வீரர் பலர் இருந்தனர். அவன் பரிவாரத்தைச் சார்ந்த மலையாண ஒற்றைச் சேவகர் என்போர் எம்மூர்க் கோயிலுக்கு அளித்த கொடைகள் அக்கல்வெட்டுகளில் உள்ளன. அவன் படைத்தலைவனாகிய மலைநாட்டு வெள்ளங்குமரன், 943-இல் பெண்ணையாற்றங்கரையிலுள்ள கிராமம் என்னும் ஊரிற் கற்றளி எடுப்பித்தான். எம்மூரார் அவர்கள் நகரில் விருந்துண்டது போலவே, அவர்கள் நாட்டாரும் எம்மூரில் வாழ்ந்திருக்கின்றனர். எங்கள் கடைத்தெருவில் அவர்கள் அரிசியும் உப்பும் வாங்கியிருப்பர். அவர்கள் பேச்சைக் கேட்டு எம்மூரார் நகைத்துமிருப்பர். பன்னிரண்டு ஆண்டு அம்மதிலோரமாக நடந்த எனக்கு, இதனை அறிய வாளையாற்றைத் தாண்டிச் சென்று திரும்பவேண்டியதாயிற்று.

அன்றிரவு அன்னையார் அம்மிளகைத் தட்டி இரசம் வைத்தனர். உண்ணும்போது தந்தையாரிடம் ‘கறி’ கேட்டு யான் பட்ட பாட்டைச் சொன்னேன். அவர் இலையை மடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில், “அந்தச் சங்கப் பாட்டில் கப்பல்காரன் வாங்கியதும் இதே மிளகுதானா?” என்றார். “ஆம், அப்பா” என்றேன். “அப்படியானால் அந்தப் பாட்டை நாளைக்கு எனக்குப் படித்துக் காட்டு” என்றார்.