நீலப் புட்டியும் ஆறாத கால்புண்ணும்

போன மாதம் பீடோங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பாட்டியை அழைத்து வந்தார்கள். வலது காலில் சிலிப்பர், இடது காலில் பழைய வேட்டித் துணி. துணியை அவிழ்த்தால் ஓரமெல்லாம் நீலம். இரண்டாம் விரலின் நுனி கறுத்துச் சுருங்கிப்போயிருந்தது. “வலிக்குதா பாட்டி?” என்றேன். “ஒன்னும் தெரியலம்மா” என்றார். வலி தெரியாததுதான் என்னைப் பயமுறுத்தியது.

மகள் கைப்பையிலிருந்து ஒரு சிறு புட்டியை எடுத்து நீட்டினார். ‘காப்பர் பெப்டைட்’ சீரம். கைப்பேசி நேரலையில் 89 வெள்ளிக்கு வாங்கியது. புண்ணை ஆற்றும், புதுத் தோல் வளர்க்கும் என்று சொன்னார்களாம். மூன்று வாரம், காலையும் மாலையும் புண்ணில் சொட்டியிருக்கிறார்கள். இப்படி வந்தவர்களில் இந்தப் பாட்டி முதல் ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆய்வு சொன்னதும் விற்பவர் சொல்வதும்

காப்பர் பெப்டைட் பொய்ச்சரக்கு அல்ல. 1973இல் லோரன் பிக்கார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் மனித ரத்தத்தில் கண்டெடுத்த பொருள் அது. மூன்று அமினோ அமிலங்கள் கோத்த சின்னஞ்சிறு துண்டு, செம்பைப் பற்றிக்கொள்ளும். ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த தோல் செல்கள் இதைச் சேர்த்ததும் கூடுதலாகக் கொலாஜன் செய்தன. அந்தக் கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதிக்கும் செம்பு வேண்டும். இவ்வளவும் உண்மை.

நீரிழிவுக் கால்புண்ணிலும் இதைப் போட்டுப் பார்த்தார்கள்; 1994இல் வெளிவந்த ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் அங்கே முதலில் செத்த சதையைக் கத்தியால் வெட்டிச் சுத்தம் செய்தார்கள், முறையாகக் கட்டுப் போட்டார்கள், அதன் பிறகுதான் அந்தக் களிம்பு. நேரலையில் விற்பவர் இந்தப் பாதியைச் சொல்வதே இல்லை. 30 ஆண்டுகள் கடந்தும் அது கால்புண்ணுக்கான வழக்கமான சிகிச்சையில் இடம்பிடிக்கவில்லை. நீங்கள் வாங்கும் புட்டி முகத்துக்கான அழகுப்பொருள். திறந்த புண்ணில் ஊற்றுவதற்காகக் கிருமி நீக்கிச் செய்ததல்ல.

செம்பென்றால் எல்லாம் ஒன்றா?

“செம்புதானே டாக்டர், எங்க தாத்தா காலத்துலயே மயில்துத்தம் வச்சாங்களே” என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். மயில்துத்தமும் நீலம், இந்தச் சீரமும் நீலம், ஒற்றுமை அவ்வளவுதான். மயில்துத்தம் சதையை அரிக்கும். வயிற்றுக்குள் போனால் நஞ்சு. புண்ணில் வைத்ததும் மேலே கருத்த பொருக்குக் கட்டும். காய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். பொருக்கை எடுத்துப் பார்த்தால் அடியில் சீழ், சில நேரம் எலும்பு.

செம்புச் சொம்பில் ஊற வைத்த தண்ணீரைக் குடித்தால் புண் ஆறும் என்பதும் கட்டுக்கதைதான். காப்பித்தூள் ரத்தத்தை நிறுத்தும், பற்பசை எரிச்சலைத் தணிக்கும், சுண்ணாம்பும் மஞ்சளும் சீழை இழுக்கும் – கூலிமிலும் பாலிங்கிலும் இதையேதான் சொல்கிறார்கள். புண்ணுக்குள் அப்பிக் கிடக்கும் காப்பித்தூளைக் கழுவி எடுக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆகிறது. ஐயா, அம்மா, உங்கள் புண் ஆறாததற்குக் காரணம் மேலே போடும் மருந்தில் இல்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, நரம்பு மரத்துவிட்டது, காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிட்டது. இந்த மூன்றையும் விட்டுவிட்டு எதை ஊற்றி என்ன பயன்?

இப்போது சிலர் இதே காப்பர் பெப்டைட் தூளாக வரும் குப்பியை வாங்கிக் கரைத்துத் தாங்களே ஊசி போட்டுக்கொள்கிறார்கள். அதன் மேலேயே ‘ஆய்வுக்கு மட்டும்’ என்று அச்சிட்டிருக்கிறது. மனித உடம்பில் ஏற்றாதே என்றுதான் அதற்குப் பொருள். தயவுசெய்து தொடாதீர்கள். நம் மலேசியாவில் பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் எண் இருக்கும். அழகுப்பொருளுக்கு இருப்பது வெறும் அறிவிப்பு எண். அது புண்ணை ஆற்றும் என்பதற்குச் சான்று ஆகாது.

பரிசோதனை

ஆறாத புண்ணோடு வந்தால் முதலில் பார்க்க வேண்டியவை இவை: ரத்தச் சர்க்கரை, அதன் மூன்று மாதச் சராசரி, பாத உணர்ச்சி, பாத நாடித்துடிப்பு.

கெஞ்சிக் கேட்கிறேன்

2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. பெரியவர்களில் மூவரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார்.

நீரிழிவு உள்ளவர்கள் வீட்டுக்குள்ளேயும் சிலிப்பர் போடுங்கள். செம்பனைக் காட்டுக்குப் போகும்போது பூட்சுக்குள் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். முள்ளோ கல்லோ உள்ளே இருந்தாலும் உங்கள் காலுக்குத் தெரியாது. தைப்பூசத்தில் உச்சிவெயில் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். கொப்புளம் வந்தால் குத்தி உடைக்காதீர்கள். மறுநாளே அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்கு வாருங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. தோட்டத்திலிருந்து வர வண்டி இல்லை, ஒருநாள் சம்பளம் போய்விடும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். விரல் போனால் எத்தனை நாள் சம்பளம் போகும் என்றும் கணக்குப் பாருங்கள்.

அந்தப் பாட்டியைச் சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனைக்கு அனுப்பினேன். விரல் போய்விட்டது, பாதம் தப்பியது. கட்டு மாற்ற வந்தபோது மகள் இரவுச் சந்தையில் வாங்கிய ஒரு கைக்கண்ணாடியைக் காட்டினார். பாட்டிக்குக் குனிய முடியாதாம். தினமும் படுக்குமுன் அதைப் பாதத்துக்கு அடியில் பிடித்துப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்கிறானாம்.