கீரைக்குள் இத்தனை சங்கதியா!

வெயிலில் வைத்தால் துவண்டுபோகும் கீரைக்குள் மரபணு விஞ்ஞானிகள் நடத்தும் வித்தைகள் தெரியுமா?

● கடுகுக் கீரையைப் பச்சையாக மென்றால் காரம் சுர்ரென்று மூக்கில் ஏறுகிறதே, மெல்லும்வரை அந்தக் காரம் இலையில் கிடையாது! ஒரு வேதிப்பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் இலைக்குள் தனித்தனியாகக் குடியிருக்கின்றன. பல் பட்டு இலை நசுங்கியதும் இரண்டும் கலக்கும். அந்த நொடியில்தான் காரம் பிறக்கும். விஞ்ஞானிகள் வைத்த பெயர் ‘கடுகெண்ணெய்க் குண்டு’!

● அந்தக் குண்டையும் நமுத்துப்போக வைத்துவிட்டார்கள்! அமெரிக்காவின் பேர்வைஸ் நிறுவனம் கிரிஸ்பர் என்னும் மரபணுக் கத்தரியால் அந்த நொதியின் மரபணுக்களை நறுக்கியது. ஒன்றல்ல, இரண்டல்ல, 17! காரம் அடங்கிய கடுகுக் கீரை 2023-இல் அங்கே விற்பனைக்கே வந்துவிட்டது.

● செடிக்குள் மரபணுவைச் செலுத்தத் துப்பாக்கி உண்டு தெரியுமா? 1980-களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அதை உருவாக்கியபோது குண்டடி பட்டது வெங்காயம்! தோட்டா, கண்ணுக்குத் தெரியாத டங்ஸ்டன் துகள். இப்போதோ டி.என்.ஏ. பூசிய தங்கத்துகள்!

● அப்படிச் சுட்டு, லெட்டூஸ் கீரையில் இன்சுலினையே விளைவித்திருக்கிறார் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஹென்றி டேனியல். நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்! வாய்வழி போனால் இன்சுலின் வயிற்று அமிலத்தில் சிதைந்துவிடும். இங்கே இலையின் செல்சுவர் அதற்குக் கவசம். குடலுக்குப் போனதும் அங்குள்ள நுண்ணுயிர்கள் கவசத்தைப் பிரிக்கின்றன! எலிகளுக்குக் கொடுத்தபோது 15 நிமிடத்தில் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. மனிதருக்கான மருந்தாக இன்னும் வரவில்லை. ஊசியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்!

● விண்வெளியில் எலும்பு தேயும். அதைத் தடுக்கும் ஹார்மோனைச் சுரக்கும் லெட்டூஸை 2022-இல் காட்டியது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம். அப்போதைய கணக்குப்படி வீரர் ஒருவர் தினமும் தின்னவேண்டியது சுமார் 380 கிராம். ஆடு மேய்ந்த மாதிரிதான்!

● இதெல்லாம் மனிதன் கண்ட வித்தை என்கிறீர்களா? 2015-இல் 291 சர்க்கரைவள்ளி ரகங்களைச் சோதித்தார்கள். அத்தனையிலும் மண் பாக்டீரியாவான அக்ரோபாக்டீரியத்தின் மரபணுக்கள்! ஆய்வகம் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் நுழைந்தவை. மரபணு மாற்றிய கிழங்கைத்தான் அவித்து, தோலுரித்து, ஊதி ஊதித் தின்றுகொண்டிருக்கிறோம்!