எந்தக் கட்டு நம் நூலுக்கு?

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நம் கரையோர ஊர்களில் நூல் வெளியீட்டு விழாக்களுக்குக் குறைவில்லை. பெரும்பாலும் எழுதியவரே கைக்காசைப் போட்டு 300 அல்லது 500 பிரதி அடிக்கிறார். அட்டைப் படத்துக்காக ஒரு வாரம் பேசுவோம். அணிந்துரை யாரிடம் வாங்குவது என்று ஒரு மாதம் யோசிப்போம். பைண்டிங் மட்டும் அச்சகத்தில் நின்ற நிலையிலேயே முடிவாகிவிடும். "ஒட்டித் தாறம் சேர், எல்லாரும் அப்படித்தான் செய்யிற" என்பார் அச்சகத்துத் தம்பி. நாமும் தலையாட்டிவிட்டு வருவோம்.

எழுத்தாளர்களின் பிரதிகளை அச்சகம் வரை கொண்டு சேர்க்கும் வேலையை நெடுநாளாகச் செய்து வருகிறேன். ஆகவே, விழா மேடையில் பளபளத்த நூல் பத்து வருடம் கழித்து எந்தக் கோலத்தில் கிடக்கிறது என்று பார்க்கவும் எனக்குச் சந்தர்ப்பம் கிடைத்திருக்கிறது. வாசிகசாலை இறாக்கையில் முதுகு உடைந்து, நடுப்பக்கங்கள் கழன்று, இறப்பர் நாடா போட்டு நிற்கின்ற நூல்களில் நம்மவர் நூல்களே அதிகம். உள்ளே இருப்பது ஊர் வரலாறாகவோ, ஒரு புலவரின் ஒரே தொகுப்பாகவோ இருந்தால் அந்தப் பக்கத்தை வேறெங்கு போய்த் தேடுவது?

ஒரு கட்டைத் தெரிவு செய்வதற்கு முன் கேட்க வேண்டியவை அதிகமில்லை. இதை யார், எத்தனை தடவை திறப்பார்? எத்தனை வருடம் வாழ வேண்டும்? எத்தனை பக்கம், என்ன தாள்? நம் ஊருக்கு இன்னொன்றும் உண்டு. உப்புக் காற்றும், ஐப்பசி தொடக்கம் தை வரையான மழைக்கால ஈரமும் இதைத் தாங்குமா?

மிக எளியது நடுவில் கம்பிப் பின் அடிப்பது. தாள்களை மடித்து ஒன்றுக்குள் ஒன்று வைத்து மடிப்பின் மேல் இரண்டு பின். பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 70, 80 கிராம் தாளென்றால் 64 பக்கம் வரை போகலாம், அதற்கு மேல் வயிறு ஊதி நிற்கும். தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூலான, 1578 இல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்' வெறும் 16 பக்கம்தான். சிறு நூலுக்குச் சிறு கட்டுப் போதும்.

ஆனால் நம் கரையில் இதற்கு ஒரு எதிரி இருக்கிறது: துரு. கத்தம் ஓதுவதற்குப் பள்ளிவாசலில் வைத்திருக்கும் 30 ஜுஸ்உப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பின் இருந்த இடத்தில் செம்மண் நிறக் கறை, அதைச் சுற்றித் தாள் பொரிந்து ஓட்டை. இரும்பு துருப்பிடிப்பதோடு தாளையும் சேர்த்துத் தின்கிறது. வைத்துப் பேண வேண்டிய சிறு நூலுக்குப் பின்னுக்குப் பதிலாக நூலால் தைப்பதே நல்லது. மடிப்பில் மூன்று துளை. உள்ளிருந்து நடுத் துளையால் வெளியே வந்து, மேல் துளையால் உள்ளே போய், நடுவைத் தாண்டிக் கீழ்த் துளையால் வெளியே வந்து, மறுபடி நடுவால் உள்ளே வந்து, நீண்ட இழையை நடுவில் வைத்து இரு முனையையும் முடிச்சுப் போட வேண்டியதுதான். பழகினால் ஒரு பிரதிக்கு இரண்டு நிமிடம். மருதமுனைத் தறிக்காரரிடம் கிடைக்கும் பருத்தி நூலை மூன்று இழையாக முறுக்கித் தேன்மெழுகில் இழுத்தெடுத்தால் அதற்குப் போதும்.

அடுத்தது, இன்று நம் நூல்களில் பெரும்பாலானவற்றைப் பிடித்து வைத்திருக்கும் ஒட்டுக் கட்டு. அச்சகத்தில் இதற்குப் 'பெர்பெக்ட் பைண்டிங்' என்று பெயர். பெயரில்தான் பூரணம் என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு. மடித்த படிவங்களை அடுக்கி, முதுகுப் பக்கத்தில் இரண்டு மூன்று மில்லிமீற்றரைச் சீவி, அந்த இடத்தைச் சொரசொரப்பாக்கி, உருக்கிய சூட்டுப் பசையைப் பூசி அட்டையை ஒட்டுகிறார்கள். சீவியதும் மடிப்பு போய்விடும். அதன் பிறகு ஒவ்வொரு தாளும் தனித்தாள். அதைப் பிடித்திருப்பது தாளின் ஓரத்து நார்களைக் கவ்விய பசை மட்டும்தான்.

இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால், பக்கம் ஏன் கழல்கிறது என்பதும் விளங்கும். பளபளப்பான ஆர்ட் தாளில் பசை மேற்பூச்சைத்தான் பிடிக்கும், நாரைப் பிடிக்காது. பூச்சு உரிந்தால் பக்கமும் உரிந்துவிடும். நிறப்படங்கள் நிறைந்த விழா மலர்கள் சீக்கிரம் கழல்வது இதனால்தான்.

இன்னொன்று தாளின் நார் ஓடும் திசை. தாள் இயந்திரத்தில் உருவாகும்போது நார்கள் ஒரே திசையில் படுக்கின்றன. அந்தத் திசை முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக இருக்க வேண்டும். குறுக்காக இருந்தால் பக்கம் திறக்க மறுத்து விறைத்து நிற்கும். மழைக்காலத்தில் ஈரம் குடித்து முதுகோரம் அலை அலையாக நெளியும், அந்த நெளிவே பசையை இழுத்துப் பிய்க்கும். சோதிப்பது இலகு. சிறு சதுரத் துண்டு வெட்டி ஒரு பக்கத்தை மட்டும் ஈரமாக்குங்கள். அது குழாய்போல் சுருளும். குழாயின் நீளவாட்டுத்தான் நாரின் திசை. கடைகளில் கிடைக்கும் ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளப் பக்கமாக ஓடுகிறது. அதை இரண்டாக்கி ஏ5 நூல் செய்தால் நார் குறுக்காகிவிடும். போட்டோக் கொப்பிக் கடையில் அவசரத்துக்குச் செய்த சிறு நூல்கள் விறைத்து நிற்பதன் காரணம் இதுவே. பெரிய தாள் வாங்கும்போதே அச்சகத்தாரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

80 கிராம் தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர் தடிப்பு. 200 பக்கம் என்றால் 100 தாள், முதுகு 10 மில்லிமீற்றர். இந்தக் கணக்கை அட்டை வடிவமைப்பவருக்கு முன்கூட்டியே கொடுக்காவிட்டால் முதுகில் இருக்க வேண்டிய பெயர் முன்னட்டைக்கு நழுவிவிடும். ஒட்டிய நூல் முழுதாக விரியாது என்பதால் உள்ளோர இடைவெளியும் 20 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. பியூஆர் என்றொரு பசை இருக்கிறது. காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து இறுகுவது, ஆர்ட் தாளையும் நன்றாகப் பிடிக்கும். எல்லா அச்சகத்திலும் இல்லை, கேட்டுப் பாருங்கள்.

500 பிரதியையும் பைண்ட் பண்ண விடுவதற்கு முன் ஒன்றை மட்டும் செய்து தரச் சொல்லுங்கள். ஒரு நாள் காய விட்டு, நடுவில் விரித்து, ஒரு தாளைப் பிடித்து நிதானமாக இழுங்கள். கையோடு வந்தால் நூல்நிலையத்திலும் வரும். அச்சகத்தார் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

நிலைக்க வேண்டிய நூலுக்கு நான் சொல்வது தையல் கட்டு. 16 பக்கப் படிவத்தைச் சீவாமல், மடிப்பின் நடுவால் நூல் ஓட்டி, ஒரு படிவத்தை அடுத்ததோடு பிணைப்பது. பசை தோற்றாலும் நூல் பிடித்திருக்கும். மேசையில் வைத்தால் விரிந்து கிடக்கும். மத்ரஸாவில் ஒரு கிதாபை மாணவர் தலைமுறைகள் புரட்டியும் பக்கம் கழலாமல் இருப்பதற்குத் தையலே காரணம்.

நம் முன்னோர் இதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள். பிரதி எழுதியும் தாள் விற்றும் வாழ்ந்தவர் வர்ராக், கட்டுபவர் முஜல்லித். 11ஆம் நூற்றாண்டில் வட ஆபிரிக்காவை ஆண்ட அல்-முஇஸ் இப்னு பாதீஸின் பெயரால் வழங்கும் 'உம்ததுல் குத்தாப்' எழுதுகோல், மை பற்றிச் சொல்வதோடு கட்டுவதைப் பற்றியும் சொல்கிறது. அந்தலூசியாவின் பக்ர் அல்-இஷ்பீலி நூற்கட்டுக்கென்றே தனி நூல் எழுதினார். அந்த மரபின் கட்டில் அட்டை தாளின் அளவுக்கே இருக்கும், வெளியே நீட்டாது. பின்னட்டையிலிருந்து லிஸான் என்னும் நாக்குப்போன்ற மடல் வந்து திறப்போரத்தை மூடும். நூல்களைப் படுக்க வைத்த காலத்தில், அதுவும் தூசு நிறைந்த நாடுகளில், அது அலங்காரத்துக்காக மட்டும் இருக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. கெட்டி அட்டை போட்டால் கெட்டி நூல் என்றில்லை. உள்ளே ஒட்டிவிட்டு மேலே றெக்சின் அட்டை போட்டுத் தங்க எழுத்து அடித்துத் தருபவர்களும் உண்டு. முதுகின் மேல் நுனியைப் பாருங்கள். சிறு சிறு மடிப்புக் குழுக்களாகத் தெரிந்தால், படிவத்தின் நடுவில் விரித்துப் பாருங்கள், நூல் தெரிய வேண்டும். ஒரே மட்டமாகத் தனித்தாள்கள் தெரிந்தால் ஒட்டியது. காசு போதாதென்றால் கெட்டி அட்டையை விட்டுவிடுங்கள். தைத்து அதன்மேல் சாதாரண அட்டை ஒட்டுவது நடுத்தரமான வழி. நிறப் பக்கங்கள் நாலைக் குறைத்தால் தையலுக்குக் காசு வந்துவிடும். ஆய்வு நூலுக்கும் ஊர் வரலாற்றுக்கும் இதற்குக் குறைந்த எதையும் நான் சிபாரிசு செய்வதில்லை. மேடையில் 50 பிரதி போய் மற்றதெல்லாம் வீட்டில் கிடக்கப்போகிற நூலுக்கு எதற்கு இவ்வளவு என்று சிலர் கேட்பார்கள். வீட்டில் கிடக்கிற நூலுக்குத்தான் ஆயுள் வேண்டும்.

வளையக் கட்டுப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வகுப்புக் குறிப்பு, ஆய்வு முன்மொழிவு, திருத்தப் பிரதி ஆகியவற்றுக்கு அது நல்லது. இறாக்கையில் நிற்காது, முதுகில் பெயர் எழுத முடியாது. அரபுத்தமிழ்க் கிதாபைப் பிரதியெடுத்து வளையம் போடக் கொடுத்தால் பக்கத்தில் நில்லுங்கள். கடைத் தம்பி பழக்கத்தில் இடப்பக்கம் துளை போட்டுவிடுவான். வலமிருந்து இடமாக ஓடும் நூலுக்கு முதுகு வலப்பக்கம்.

இனி, உண்மையில் என்னை இதை எழுத வைத்த விடயத்துக்கு வருகிறேன். நம் பள்ளிவாசல்களிலும் வீடுகளிலும் ஒரே ஒரு பிரதியாக இருக்கும் பதிவேடுகள்: நிக்காஹ் பதிவு, மரைக்காயர் சபைக் குறிப்பு, குடிவழிக் கணக்கு, காணி உறுதி, கையெழுத்து மவ்லிது ஏடு. தாய்வழிக் குடி முறையும், குடிக்கொரு மரைக்காயர் என்ற பள்ளிவாசல் நிர்வாகமும் இந்தக் கரைக்குரிய சிறப்புகள். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த டெனிஸ் மெக்கில்வ்ரே போன்றோர் அதை உலகுக்கு எழுதிவிட்டார்கள். ஆனால் மூல ஆவணம் அலுமாரிக்குள் உளுத்துக்கொண்டிருக்கிறது.

"பழசாப் போச்சு, புதுசா பைண்ட் பண்ணுவம்" என்று நல்லெண்ணத்தோடுதான் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நான் கண்ட ஒரு பதிவேட்டை அப்படி ஒட்டுக் கட்டுக்குக் கொடுத்து, நாலு பக்கமும் வெட்டி நேராக்கி வாங்கியிருந்தார்கள். பார்க்க அழகு. வலது ஓரத்து நிரலில் எழுதியிருந்த குடிப் பெயர்களில் பாதி, வெட்டுத் தாளோடு போய்விட்டது.

ஒற்றைப் பிரதியை வெட்டவும் வேண்டாம், சீவவும் வேண்டாம், சூட்டுப் பசையும் வேண்டாம். செலோ டேப் சில வருடங்களில் மஞ்சளாகித் தாளோடு ஊறிவிடும். லேமினேட் செய்தால் தாளைச் சேதமில்லாமல் திரும்பப் பிரிக்க முடியாது. கிழிசலுக்கு மெல்லிய நார்த்தாளும் கோதுமை மாப் பசையும் போதும். ஈரம் பட்டால் அந்தப் பசை இளகும் என்பதே அதன் நன்மை, நாளை யாராவது திருத்தலாம். இராமபாணப் பூச்சிக்கு மாப் பசை பிடிக்கும் என்பதால் மெல்லிசாகப் பூசுங்கள். பழையவர்கள் பூச்சிக்காகத் துருசு கலப்பார்கள், அது காலப்போக்கில் தாளையே அரிக்கும்.

2004 டிசம்பர் 26 இல் நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் நம்முடையது. அந்த இழப்பின் முன் தாள் எம்மாத்திரம்? ஆனாலும் உறுதியும் பதிவும் இல்லாமல் பின்னர் அலைந்தவர்களை நாம் கண்டோம். நனைந்த சாதாரணத் தாளை இடையிடையே உறிஞ்சுதாள் வைத்து, காற்றோட்டத்தில் ஆறவைத்து மீட்கலாம். ஆர்ட் தாள் ஒட்டியபடியே காய்ந்தால் செங்கல்தான்.

ஆகவே இத்தகைய ஆவணத்துக்குப் புதுக் கட்டைவிடப் பெட்டியே பொருத்தம். முதலில் மேலிருந்து கமராவால் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, ஒரு பிரதியை வேறு ஊரில் வையுங்கள். நூலகம் நிறுவனத்தார் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கி வருகிறார்கள், அவர்களோடும் பேசலாம். மூலத்தைத் துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, அளவான மட்டைப் பெட்டியில் படுக்க வைத்து, வெளிச்சுவரில் சாயாத அலுமாரியின் மேல் தட்டில் வையுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவையாவது, வெயில் காலத்தில், திறந்து பாருங்கள். பெட்டிக்கு மேல் உள்ளே இருப்பதன் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள், பேனை மை ஈரத்தில் ஓடிவிடும்.