திரையில் தோன்றாத குடியானவர்

காவிரி பாயும் திருவையாற்றுப் பிரதேசத்தில் நிலக்கணக்கு என்பது ஜனங்களின் ஜீவாதாரமான விஷயம். பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு ஆகியவற்றை இப்போது சர்க்கார் கணினி மூலமாக எவரும் பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். 1980-இல் பரம்பரைக் கர்ணம் பதவி ஒழியும் வரையில் ஒருவருடைய மூட்டைக்குள் அடங்கிக் கிடந்த கணக்கு வெளிச்சத்துக்கு வந்ததை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம். ஆயினும் வெளிவந்தது எது, வராதது எது என்று விசாரிப்பது நமது கடமையாகும்.

கணினியில் நிலத்தைப் புல எண்ணையும் உட்பிரிவையும் கொண்டு தேடலாம். பாட்டன் காலத்துப் பத்திரத்திலுள்ள எண்ணும் இன்றைய எண்ணும் பல இடங்களில் ஒன்றல்ல. இது சிறிய சங்கடம். பெரியது வேறு.

தஞ்சை ஜில்லாவில் கோயில்களுக்கும் மடங்களுக்கும் உரிய நஞ்சை ஏராளம். அதை உழுது பயிரிடுவோர் குத்தகைதாரர். பட்டாவைத் திறந்தால் தோன்றுவது உடையவர் பெயரேயன்றி உழுகிறவர் பெயரன்று. கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போடவும், பயிர் இன்ஷூரன்ஸ் கோரவும் சிட்டாவும் அடங்கலும் கேட்கிறார்கள். சேற்றில் நின்றவர் அதற்காக எத்தனை வாசற்படி ஏற வேண்டியிருக்கிறதென்பதைத் தஞ்சை நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இத்தனைக்கும் குத்தகை உரிமையைக் கிராமந்தோறும் பதிவு செய்வதற்கென்றே 1969-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் ஏற்பட்டது. அந்தப் பதிவேட்டையும் பட்டாவோடு சேர்த்துக் காட்டுவதில் என்ன ஆட்சேபம்?

ஐயாறப்பர் ஆலயத்துக் கற்சுவர்களில் சோழர் காலத்துச் சாசனங்கள் இருக்கின்றன. அங்கும் கொடுத்தவர், பெற்றவர் பெயர்களுக்கே முதன்மை; உழுதவருக்கல்ல. ஆனால் எழுத்து ஊரார் நடமாடும் இடத்தில் இருந்தது. 1994-இல் ராஜஸ்தானத்துக் கிராமங்களில் கூலிக் கணக்கைப் பொதுக் கூட்டத்தில் உரக்கப் படித்தார்கள். பொய்க் கையொப்பங்களும் வராத ஆட்களும் அங்கேயே அம்பலமாயினர். அந்தக் கிளர்ச்சியின் பலனாகவும் பிறந்ததே 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதன் நான்காம் பிரிவு, தஸ்தாவேஜுகளைக் கணினியில் ஏற்றச் சொல்வதோடு நிற்கவில்லை. செலவு, உள்ளூர்ப் பாஷை, அவ்விடத்துக்கு உகந்த வழி ஆகியவற்றைக் கவனித்து வெளியிட வேண்டும் என்கிறது. அறிவிப்புப் பலகை, பத்திரிகை, பொது அறிவிப்பு ஆகியவற்றையும் வழிகளாகக் கூறுகிறது. இணையத்தில் போட்டுவிட்டோம், கடமை தீர்ந்தது என்று உத்தியோகஸ்தர்கள் சொல்வதற்குச் சட்டத்தில் இடமில்லை.

ஆகவே குத்தகைப் பதிவேட்டின் பிரதியைக் கிராம அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டுமென்றும், கிராம சபையில் படிக்க வேண்டுமென்றும், பின்பு கணினியில் ஏற்ற வேண்டுமென்றும் கோருகிறோம். தேசத் தொண்டர்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. பதிவேட்டைப் பார்வையிடவும் பிரதி பெறவும் இன்றே மனுச் செய்யலாம். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிடில் மேல்முறையீடு உண்டு.