பழி பெரிய பேட்டரிக்கு, கோளாறு சின்னதில்!

செமஸ்டர் விடுமுறைக்கு வீடு திரும்பியபோது, அப்பாவின் பழைய ஹைப்ரிட் கார் அசையவில்லை. இரண்டு வாரமாக ஓடாமல் நின்றிருந்தது. “பேட்டரி போய்விட்டது, பல ஆயிரம் ரிங்கிட் ஆகும்” என்றார் பட்டறைக்காரர் ஒருவர். அப்பா காரையே விற்றுவிட நினைத்தார்.

உண்மையில் ஹைப்ரிட் காரில் இரண்டு பேட்டரிகள் உண்டு. சக்கரத்தைச் சுழற்ற உதவுவது உயர் மின்னழுத்த பேட்டரி. மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியசில் அது சுமார் 200 வோல்ட். மற்றொன்று 12 வோல்ட் பேட்டரி. காரின் கணினியை எழுப்பி, பெரிய பேட்டரிக்கு இணைப்புக் கொடுப்பது இந்தச் சின்னதுதான். இது இறங்கிவிட்டால், பெரியதில் மின்சாரம் இருந்தாலும் கார் கிளம்பாது.

வேறொரு பட்டறையில் சோதித்தபோது, எங்கள் காரிலும் அதுதான் கோளாறு. சில நூறு ரிங்கிட்டில் வேலை முடிந்தது.

அங்கே இன்னொன்றும் கற்றேன். பிரியஸ் போன்ற கார்களில் பின் இருக்கையின் ஓரத்திலுள்ள துவாரம் வழியாக வரும் காற்றுதான் பெரிய பேட்டரியைக் குளிர்விக்கிறது. அதைப் பையால் மறைத்தாலோ தூசு அடைத்தாலோ, பேட்டரி சூடேறி ஆயுள் குறையும். ஆரஞ்சு நிறக் கம்பிகளை மட்டும் நாம் தொடவே கூடாது. அது பயிற்சி பெற்றவர் வேலை.

உங்கள் வீட்டிலும் ஹைப்ரிட் கார் உண்டா? பெரிய செலவுக்குத் தலையாட்டும் முன், “12 வோல்ட் பேட்டரியைச் சோதித்தீர்களா?” என்று கேளுங்கள்.