எட்டு மணி நேரச் சமையல்: ஸ்லோ குக்கர் மாட்டிறைச்சி நூடுல்ஸும் வாங்குவோர் உரிமைகளும்

மாட்டிறைச்சியும் முட்டை நூடுல்ஸும் சேர்ந்த கெட்டிக் குழம்பு, அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் குளிர்காலத்து இரவு உணவு. இந்தியானா, ஒஹாயோ, அயோவா பகுதிகளில் அதை மசித்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றியும் சாப்பிடுவார்கள். மாவுச்சத்தின் மேலேயே இன்னொரு மாவுச்சத்தா என்று வெளியூர்க்காரர் வியக்கலாம். பனியில் பண்ணை வேலை பார்த்தவர்களின் பசிக்கு ஏற்ற சாப்பாடு அது. இன்று பெரும்பாலும் இது ஸ்லோ குக்கரில் தயாராகிறது. காலையில் இறைச்சியைப் போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போனால், மாலையில் வந்ததும் நூடுல்ஸைச் சேர்த்துச் சாப்பிடலாம்.

இந்தச் சாதனத்தின் முன்னோடிக்கு 1936இல் விண்ணப்பித்து 1940இல் காப்புரிமை பெற்றவர் இர்விங் நாக்சன். லித்துவேனியாவில் யூதக் குடும்பங்கள் ஓய்வுநாளுக்காக இரவு முழுவதும் அடுப்பில் விட்டுவைக்கும் ‘சோலன்ட்’ என்ற உணவைப் பற்றித் தாய் சொன்னதே அவருக்கு வழிகாட்டியது. அவருடைய நிறுவனத்தை வாங்கிய ரைவல், 1971இல் ‘கிராக் பாட்’ என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வீட்டில் ஆள் இல்லாதபோதும் சமையல் நடக்கும் என்பதே அன்று முதல் அதன் கவர்ச்சி. இந்த உணவின் ஆபத்துகளும் ஆள் இல்லாத அந்த நேரத்தை ஒட்டியே வருகின்றன.

செய்முறை எளிது. சக் ரோஸ்ட் எனப்படும் தோள்பட்டைத் துண்டு ஒன்றரை கிலோ அளவில் எடுத்து, எண்ணெயில் நாலாபுறமும் சிவக்க வறுத்துக்கொள்ள வேண்டும். வெங்காயம், கேரட், பூண்டு, பிரிஞ்சி இலை, கொஞ்சம் தைம், இறைச்சிச் சாறு ஆகியவற்றுடன் ‘லோ’ அமைப்பில் சுமார் 8 மணி நேரம் வேக வேண்டும். இணைப்புத் திசு மிகுந்த இந்தப் பகுதி, ஸ்டேக்குக்கு வெட்டும் பகுதிகளைவிட விலை குறைவு. அவசரமாக வேகவைத்தால் தோல்போல் இழுக்கும். 70 முதல் 80 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் கிடந்தால்தான் அதிலுள்ள கொலாஜன் இளகி ஜெலட்டினாகும். குழம்பின் கொழகொழப்பு அங்கிருந்து வருகிறது. முட்டை நூடுல்ஸை கடைசி அரை மணி நேரத்தில், ‘ஹை’ அமைப்பில் சேர்க்க வேண்டும். காலையிலேயே போட்டால் கூழாகிவிடும்.

இந்தச் சமையலில் கவனம் வேண்டியது கடை அலமாரியிலிருந்தே தொடங்குகிறது. அமெரிக்காவில் விற்பனைக்காக அறுக்கப்படும் மாட்டிறைச்சிக்கு அரசு ஆய்வு கட்டாயம். 1906ஆம் ஆண்டின் மத்திய இறைச்சி ஆய்வுச் சட்டம் அதற்கு அடித்தளம். ஆனால் பிரைம், சாய்ஸ், செலக்ட் என்ற தரப் பெயர்கள் நிறுவனங்கள் கட்டணம் கட்டி விரும்பிப் பெறுபவை. அவை கொழுப்பின் பரவலையும் மென்மையையும் குறிக்கின்றனவே தவிர, சுகாதாரத்தை அல்ல. ஆய்வு முத்திரையில் ‘ஈ.எஸ்.டி.’ என்ற எழுத்துகளோடு வரும் எண், இறைச்சி எந்த ஆலையில் பதப்படுத்தப்பட்டது என்பதைக் காட்டும். கடையிலேயே வெட்டிப் பொதிந்த துண்டில் அந்த எண் இல்லாமல் இருக்கலாம். அப்போது கடையின் லேபிளும் ரசீதும்தான் தடயம்.

இறைச்சி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று அறியும் உரிமை சுருங்கிப்போய்விட்டது. கனடாவும் மெக்சிகோவும் உலக வர்த்தக அமைப்பில் தொடுத்த வழக்கில் அமெரிக்கா தோற்றதால், மாட்டிறைச்சிக்கு இருந்த கட்டாய நாட்டுப்பெயர் லேபிளை 2015 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. ‘அமெரிக்க உற்பத்தி’ என்ற வாசகத்தை விரும்புபவர் மட்டும் போடலாம். 2024இல் வெளியாகி 2026 ஜனவரி 1 முதல் கட்டாயமான விதிப்படி, அப்படிப் போடுபவருடைய விலங்கு அமெரிக்காவிலேயே பிறந்து, வளர்ந்து, அறுக்கப்பட்டு, பதப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். ‘நேச்சுரல்’ என்ற சொல்லுக்கோ, செயற்கைப் பொருள் சேர்க்காத, குறைவாகவே பதப்படுத்திய இறைச்சி என்பதற்கு மேல் பொருளில்லை. மாடு என்ன தின்றது, எந்த மருந்து கொடுக்கப்பட்டது என்பதை அந்தச் சொல் சொல்லாது.

லேபிளில் தேட வேண்டிய முக்கியமான சொல் வேறொன்று. இறைச்சியை மென்மையாக்க ஊசியாலோ கத்தியாலோ குத்தியிருந்தால் ‘இயந்திரத்தால் மென்மையாக்கப்பட்டது’ என்று குறிப்பிடுவது 2016 மே மாதம் முதல் கட்டாயம். முழுத் துண்டில் கிருமி மேற்பரப்பில் மட்டுமே இருக்கும். குத்திய துண்டிலும் அரைத்த இறைச்சியிலும் அது உள்ளே போய்விடும். சட்டமும் இந்த வேறுபாட்டைப் பின்பற்றுகிறது. ஜாக் இன் த பாக்ஸ் உணவகங்களின் ஹாம்பர்கரால் 1993இல் 700க்கும் மேற்பட்டோர் நோயுற்று, நான்கு குழந்தைகள் இறந்தனர். மறு ஆண்டே, அரைத்த மாட்டிறைச்சியில் ஈ.கோலை ஓ157:எச்7 கிருமி இருந்தால் அது கலப்படப் பொருள் என்று அமெரிக்க வேளாண் துறை அறிவித்தது. குத்தப்படாத முழுத் துண்டின் மேற்பரப்பில் அதே கிருமி இருந்தால் அப்படிக் கொள்வதில்லை. சமைப்பவர் அதைக் கொன்றுவிடுவார் என்பது துறையின் எதிர்பார்ப்பு. சக் ரோஸ்ட் வாங்குபவரின் மேல் இப்படியொரு பொறுப்பு சத்தமில்லாமல் ஏற்றப்பட்டிருக்கிறது.

ஸ்லோ குக்கரில் அந்தப் பொறுப்பை நிறைவேற்ற முடியும். அது பொதுவாக 77 முதல் 138 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் இயங்குவதால், நெடுநேரம் வேகும் இறைச்சியில் கிருமிகள் மடிந்துவிடும். சிக்கல் இருப்பது முதல் சில மணி நேரத்திலும், குக்கர் அணைந்த பின்னும்தான். 4 முதல் 60 டிகிரி வரை கிருமி வேகமாகப் பெருகும். உறைந்த இறைச்சியை அப்படியே குக்கரில் போட்டால், அதன் நடுப்பகுதி இந்த எல்லைக்குள் நெடுநேரம் தங்கிவிடும். அதனால்தான் முந்தைய இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிடச் சொல்கிறது வேளாண் துறை. பாத்திரம் பாதிக்குக் குறையாமலும், மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்படாமலும் நிரம்ப வேண்டும். காய்கள் இறைச்சியைவிட மெதுவாக வேகும் என்பதால் அவை அடியில் போக வேண்டும். மூடியை அடிக்கடி திறந்தால் இழந்த வெப்பம் திரும்ப நேரமெடுக்கும். நேரம் குறித்துத் தாமதமாகத் தொடங்கும் வசதியைப் பச்சை இறைச்சிக்குப் பயன்படுத்துவது வம்பு; மதியம் வரை அறை வெப்பத்தில் கிடந்த இறைச்சிதான் பிறகு வேகத் தொடங்கும்.

மின்தடை தனிக் கதை. வீடு திரும்பும்போது மைக்ரோவேவின் கடிகாரம் மினுக்கிக்கொண்டிருந்தால், இடையில் மின்சாரம் போய் வந்திருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு நேரம் என்று தெரியாவிட்டால், குழம்பு வெந்ததுபோல் தெரிந்தாலும் கொட்டிவிட வேண்டும் என்பதே அரசின் அறிவுரை. வீட்டில் ஆள் இருக்கும்போது மின்சாரம் போனால் உடனே எரிவாயு அடுப்புக்கு மாற்றி முடித்துவிடலாம். முழுதாக வெந்த பிறகு தடைபட்டிருந்தால், இரண்டு மணி நேரம் வரை பாத்திரத்தில் இருக்கலாம்.

மறுபடி நன்றாகக் கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை எல்லா நாட்டுச் சமையலறையிலும் உண்டு. அது பாதி உண்மைதான். ஸ்டாஃபைலோகாக்கஸ் விட்டுச்செல்லும் நஞ்சு கொதிநிலையிலும் அழியாது. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமியின் வித்துகள் சமையலையும் தாண்டிப் பிழைத்து, மெதுவாக ஆறும் இறைச்சிக் குழம்பில் முளைத்துப் பெருகும். அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 லட்சம் பேர் அதனால் நோயுறுவதாக நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிடுகிறது. தடித்த பீங்கான் பாத்திரம் சூட்டை நெடுநேரம் பிடித்துவைப்பதால், அதை அப்படியே குளிர்பெட்டிக்குள் தள்ளுவது இந்தக் கிருமிக்கு விருந்து வைப்பதாகும். மிச்சத்தை ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் வைத்து, மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். மறுநாள் சூடாக்க ஸ்லோ குக்கர் கூடாது. அடுப்பிலோ மைக்ரோவேவிலோ 74 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

நூடுல்ஸுக்கு வந்தால் கண்காணிக்கும் துறையே மாறிவிடும். இறைச்சி வேளாண் துறையின் பொறுப்பு. நூடுல்ஸ் உணவு மருந்து நிர்வாகத்தின் பொறுப்பு. ‘முட்டை நூடுல்ஸ்’ என்று பெயரிட வேண்டுமானால் முட்டையின் திடப்பொருள் எடையில் குறைந்தது 5.5 சதவீதம் இருக்க வேண்டும். கோதுமை, முட்டை, பால், சோயா உள்ளிட்ட ஒவ்வாமைப் பொருள்களைத் தெளிவாக எழுதுவது 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். எள் 2023 ஜனவரி முதல் பட்டியலில் சேர்ந்தது. நூடுல்ஸில் கோதுமை இருப்பது எல்லோருக்கும் தெரியும். குழம்பில் சுவைக்காகக் கொட்டும் வெங்காய சூப் பொடியிலோ சாறுக்கட்டியிலோ பாலும் சோயாவும் ஒளிந்திருக்கக்கூடும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். தேவாலயக் கூட்டு விருந்தில் வீட்டிலிருந்து வரும் பாத்திரத்துக்கு லேபிள் கிடையாது. அங்கே சமைத்தவரைக் கேட்பது ஒன்றே வழி.

சாதனத்தைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் தொலைக்காட்சி கிளப்பியது. 2018 ஜனவரியில் ‘திஸ் இஸ் அஸ்’ தொடரில், பழைய ஸ்லோ குக்கரின் கெட்டுப்போன சுவிட்சிலிருந்து வீடு தீப்பற்றுவதுபோல் ஒரு காட்சி வந்தது. பலர் குக்கரைத் தூக்கி எறியக் கிளம்ப, கிராக் பாட் நிறுவனம் விளக்கம் கொடுக்க நேர்ந்தது. உண்மையில் நடந்த பெரிய திரும்பப்பெறல் வேறு வகை. 2020 நவம்பரில், அழுத்தத்திலும் மெதுவாகவும் சமைக்கும் கிராக் பாட் எக்ஸ்பிரஸ் குக்கர்கள் 9 லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெறப்பட்டன. பூட்டு சரியாக விழாத மூடி அழுத்தத்தில் கழன்று, 99 பேருக்குத் தீக்காயம் ஏற்பட்டதாகப் புகார்கள் வந்திருந்தன. மாற்று மூடி இலவசமாகத் தரப்பட்டது. அது வரும்வரை அழுத்தச் சமையலைத் தவிர்த்து, மெதுச்சமையலுக்குப் பயன்படுத்தலாம் என்றும் அறிவிக்கப்பட்டது.

பழுது தெரிந்தால் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கு எவரும் எழுதலாம். 2011 முதல் இதற்கான பொது இணையதளம் இயங்குகிறது. ஆபத்தான குறை தெரியவந்த 24 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டியது நிறுவனத்தின் கடமை. திரும்பப் பெறப்பட்ட பொருளை விற்பது 2008 முதல் சட்டவிரோதம். பழைய பொருள் கடைகளையும் அந்தத் தடை கட்டுப்படுத்தும். அப்படிப்பட்ட கடையில் குக்கர் வாங்குபவர் அடித்தட்டிலுள்ள மாதிரி எண்ணை ஆணையத்தின் பட்டியலில் ஒருமுறை தேடிப்பார்ப்பது நல்லது. உத்தரவாதத்துக்கு 1975ஆம் ஆண்டின் மேக்னசன் மாஸ் சட்டம் உண்டு. எழுத்து உத்தரவாதத்தை வாங்கும் முன்பே படித்துப்பார்க்கும் உரிமையை அது தருகிறது. எழுத்தில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், சமைக்கும் பாத்திரம் சமைக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற மறைமுக உத்தரவாதம் பெரும்பாலான மாநிலங்களில் தானாகவே வரும்.

சாப்பிட்டவர் நோயுற்றால் செய்ய வேண்டியதில் வரிசை முக்கியம். ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு இருந்தால் கடை மாத்திரையால் அதை நிறுத்தக் கூடாது, ஈ.கோலை நோயில் அது சிறுநீரகப் பாதிப்பின் ஆபத்தைக் கூட்டும். மருத்துவரிடம் மலப் பரிசோதனை கேட்க வேண்டும். அந்தச் சோதனை முடிவு இல்லாமல் இழப்பீட்டுக் கோரிக்கை வலுவாக நிற்பது கடினம். மிச்ச இறைச்சியை ‘சாப்பிடாதே’ என்று எழுதி உறையவைத்து, பொதியுறை, லேபிள், ரசீது மூன்றையும் பத்திரப்படுத்த வேண்டும். இறைச்சிப் பொதியுறை அன்றைக்கே குப்பைக்குப் போய்விடுவதும், நோய் சில நாள் கழித்து வருவதும் இங்கே பெரிய முடிச்சு. சமைக்கும் முன் லேபிளைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்தால் அந்த முடிச்சு அவிழும். பிறகு உள்ளூர்ச் சுகாதாரத் துறைக்கும், வேளாண் துறையின் இறைச்சி உதவி எண்ணான 1-888-674-6854க்கும் தெரிவிக்கலாம். 1996இல் அமைந்த பல்ஸ்நெட் ஆய்வக வலையமைப்பு, ஒரே மரபணுத் தடம் கொண்ட கிருமியால் வெவ்வேறு மாநிலங்களில் நோயுற்றவர்களை இணைத்துக் காட்டும். தனி ஒருவரின் புகார் வலுப்பெறுவது பெரும்பாலும் இதன் மூலம்தான்.

இழப்பீட்டில் இரண்டு பாதைகள். கடுமையான நோய்க்கும் காயத்துக்கும், குறையுள்ள பொருளைத் தயாரித்தவரின் கவனக்குறைவை நிரூபிக்காமலே பல மாநிலங்களில் வழக்குத் தொடுக்கலாம். கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 1963இல் கிரீன்மன் வழக்கில் வகுத்த கொள்கை அது. இந்தியானாவிலும் ஒஹாயோவிலும் உடற்காயத்துக்கான இத்தகைய வழக்குக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு காலக்கெடு. உடைந்த குக்கர், கெட்ட இறைச்சியின் விலை, ஒரு நாள் சம்பளம் போன்ற சிறு தொகைக்குச் சிறு உரிமை நீதிமன்றமே போதும். அங்கே இந்தியானாவில் 10,000 டாலர் வரையும், ஒஹாயோவில் 6,000 டாலர் வரையும் கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. லேபிளின் படமும் ரசீதும் கையில் இருந்தால் பொருளை வாங்கியவரே மனுவை எழுதிக்கொடுக்கலாம்.