புகை விடியலில், எண் மாலையில்

தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் கெடு 2026 மார்ச் 31. திட்டத்தில் உள்ள 131 நகரங்களில் சென்னையும் ஒன்று. 2017-18ஐ அடிப்படையாக வைத்து காற்றில் மிதக்கும் பிஎம் 10 துகள் அளவை 40 சதவீதம் வரை குறைக்க வேண்டும், அல்லது ஆண்டுச் சராசரியை கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது இலக்கு. இந்தக் கெடுவையொட்டி மாதச் சராசரிகளைப் பற்றிய பேச்சும் வாசகர் கடிதங்களும் கூடின. பல கடிதங்களில் இருப்பது ஒரே குழப்பம்தான். போகியன்று விடியற்காலையில் எதிர்வீடு தெரியாத அளவுக்குப் புகை. அரசின் செயலியிலோ இளம்பச்சை. எதை நம்புவது?

இரண்டுமே உண்மை. அந்தச் செயலி காட்டும் எண் அந்த நேரத்துக் காற்றைப் பற்றியதல்ல, கடந்த 24 மணி நேரத்தின் சராசரி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வழக்கமாக பிஎம் 2.5 எனும் நுண்துகளின் அளவு 20 மைக்ரோகிராம் இருக்கும் ஓர் இடத்தில், அதிகாலை 3 மணியிலிருந்து 7 மணிவரை அது 300 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு, புகை உச்சத்தில் இருக்கையில், 3 மணி நேரப் புகையோடு முந்தைய 21 மணி நேரத்து நல்ல காற்றும் கணக்கில் சேர்கிறது. சராசரி 55. காற்றுத் தரக் குறியீடு 92. பெயர் ‘திருப்திகரம்’. அதைப் பார்த்துவிட்டு ஆஸ்துமா உள்ள பிள்ளையை வெளியே விளையாட அனுப்பும் தாயை நான் குறை சொல்ல மாட்டேன்.

7 மணிக்குப் புகை அடங்குகிறது. சராசரி 67-ஐ நெருங்க, குறியீடு 122 ஆகிறது; ‘மிதமான மாசு’. கடற்காற்று வந்து வானம் தெளிந்த பிறகும் அடுத்த நாள் அதிகாலைவரை அதே எண்தான் நிற்கும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அன்றாட அறிக்கை மாலை 4 மணிக்கு வருகிறது. எச்சரிக்கை தேவைப்பட்ட நேரம் அதற்குள் கடந்துபோயிருக்கும். மாதக் கணக்கில் இந்த விடியல் இன்னும் சுருங்குகிறது. மற்ற 30 நாட்களும் 20-லேயே இருந்தால், ஜனவரிச் சராசரி 21.5. ஊரே மூச்சுத் திணறிய காலைக்கு மாத அறிக்கையில் கிடைக்கும் இடம் ஒன்றரை மைக்ரோகிராம்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. ஒரு நாளின் குறியீட்டைக் கணக்கிட 16 மணி நேரத் தரவு இருந்தாலே போதும். கருவி எட்டு மணி நேரம் பேசாமல் இருந்தாலும், அந்த நேரம் போகி விடியலாகவே இருந்தாலும், அந்த நாள் கணக்கில் சேர்ந்துவிடும்.

‘திருப்திகரம்’ என்ற பெயரையும் அப்படியே ஏற்க முடியவில்லை. அந்தப் பிரிவு பிஎம் 2.5 அளவு 60 வரை போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் 24 மணி நேரத்துக்கு வைத்த வரம்பு 15. எளிதில் பாதிக்கப்படுவோருக்கு இந்த நிலையிலும் லேசான மூச்சுச் சிரமம் வரலாம் என்று வாரியத்தின் விளக்கமே சொல்கிறது. அவர்களுக்கு இதில் என்ன திருப்தி?

வானிலையின் பங்கைத் தனியாகப் பிரித்துக் காட்டாத வரை, எந்த மாதத்து முன்னேற்றத்தையும் நான் உடனே நம்புவதில்லை. வடகிழக்குப் பருவமழை தூசியைக் கழுவிவிடும். தீபாவளியன்று நல்ல மழை பிடித்தால் எண் தானாக இறங்கும். ஜனவரியில் மழை ஓய்ந்து, இரவில் தரையும் அதையொட்டிய காற்றும் குளிர்கின்றன. மேலே இருக்கும் சற்று வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அமர்ந்துகொள்ள, போகியன்று எரிக்கும் டயர்களின் புகைக்கு ஏறிப்போக வழியில்லை. 2018 போகியன்று இந்தப் புகையும் பனியும் சேர்ந்துதான் மீனம்பாக்கத்தில் விமானங்களைத் தடுத்தன. ஒரு நவம்பர் நன்றாக இருந்ததற்கான பெருமை மேகத்துக்கா, திட்டத்துக்கா என்று மாதச் சராசரியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

திட்டத்தின் இலக்கிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. அது பிஎம் 10-ஐ மட்டும் அளக்கிறது. நுரையீரலின் ஆழத்துக்குப் போகும் பிஎம் 2.5 இலக்கில் இல்லை. நாடு முழுவதும் இத்திட்டப் பணத்தில் பெரும்பகுதி சாலைத் தூசிக்கே போயிருக்கிறது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

வேறொரு செயலி ஏன் 149 காட்டுகிறது? அமெரிக்க அளவுகோலில் அதே 55 மைக்ரோகிராம் 149 ஆகும்.

ஆலந்தூர் நிலையத்தின் எண் எண்ணூருக்குப் பொருந்துமா? பொருந்தாது, வடசென்னைக்காரர்கள் மணலி நிலையத்தைப் பாருங்கள்.

துணி முகக்கவசம் போதுமா? போதாது, என்95 வேண்டும்.

நடைப்பயிற்சி எப்போது? ஜனவரி, பிப்ரவரியில் வெயில் ஏறிய பிறகு.

எந்த எண்ணைப் பார்ப்பது? வாரியத்தின் இணையதளத்தில் உங்கள் நிலையத்தின் மணிவாரி பிஎம் 2.5 அளவை.